ப்ளூவோடு ப்ளூ சேர்த்தும் ஏன் கறுப்புக் குஞ்சு வருகிறது?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தம்பி சாம்பல் நிறக் கொச்சின் பேண்டம் (காலில் இறகுள்ள குட்டை இனக் கோழி) ஜோடி ஒன்றை, விற்றவர் "ப்ளூ" என்று சொன்னதை நம்பி, நல்ல விலை கொடுத்து வாங்கியிருக்கிறார். அடை வைத்ததில் 14 குஞ்சு பொரித்திருக்கிறது. அதில் 5 தான் சாம்பல். 6 கறுப்பு. மிச்சம் 3 அழுக்கு வெள்ளை, அங்கங்கே மை தெறித்த மாதிரி. "என்னை ஏமாற்றிவிட்டார்களா?" என்பது முதல் கேள்வி. வீட்டில் இருக்கும் செவலைக் கிளிமூக்குப் பெட்டைகளுக்கு (கிளி மாதிரி மூக்கு வளைந்த அசில் வகைக் கோழி) இந்தச் சாம்பலைக் கொண்டுவர முடியுமா என்பது இரண்டாவது. ஓரத்தில் கரை போட்ட இறகு, அதாவது லேசிங், அதையும் கொண்டுவரலாமா என்பது மூன்றாவது.

ஏமாற்றவில்லை தம்பி. சொல்லப்போனால் உங்கள் 14 குஞ்சுகள்தான் அது உண்மையான ப்ளூ என்பதற்குச் சாட்சி. ப்ளூ ஜோடியிலிருந்து எல்லாக் குஞ்சும் ப்ளூவாக வந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

நாம் எல்லோரும் கோழி நிறத்தைப் பெயிண்ட் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். கறுப்பும் வெள்ளையும் கலந்தால் சாம்பல், சாம்பலும் சாம்பலும் கலந்தால் சாம்பல். மரபணு அப்படிக் கலப்பதில்லை. ஒவ்வொரு குணத்துக்கும் குஞ்சு இரண்டு சீட்டு வைத்திருக்கும், அப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று. அடுத்த தலைமுறைக்கு அந்த இரண்டில் ஏதோ ஒன்றைத்தான் அது தரும். ப்ளூ என்பது டிகாக்‌ஷனில் ஊற்றும் பால் என்று வைத்துக்கொள்ளுங்கள். பால் இல்லாவிட்டால் கறுப்பு, ஒரு கரண்டி விட்டால் சாம்பல், இரண்டு கரண்டி விட்டால் அழுக்கு வெள்ளை. அந்த அழுக்கு வெள்ளைக்குத்தான் ஸ்பிளாஷ் என்று பெயர். ஆக ப்ளூ கோழி என்றாலே அதனிடம் ஒரே ஒரு ப்ளூ சீட்டு இருக்கிறது என்று அர்த்தம். ப்ளூ சேவலும் ப்ளூ பெட்டையும் சேர்ந்தால் நான்கில் ஒரு பங்கு கறுப்பு, இரண்டு பங்கு ப்ளூ, ஒரு பங்கு ஸ்பிளாஷ். 14 குஞ்சில் கணக்குப்படி 7 ப்ளூ வந்திருக்க வேண்டும், உங்களுக்கு 5 வந்தது. பதினாலு தடவை காசு சுண்டினால் ஏழு தலை ஏழு பூ என்று வந்துவிடுகிறதா என்ன?

இதில் ஒரு பழைய கதை உண்டு. ஆண்டலூசியன் என்ற சாம்பல் இனம் ஸ்பெயின் நாட்டுப் பெயரோடு இங்கிலாந்தில் பிரபலமானது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே வளர்த்தவர்கள் கறுப்பையும் வெள்ளையையும் கழித்துக் கழித்துச் சாம்பலை மட்டுமே வைத்துச் சேர்த்துப் பார்த்தார்கள். எத்தனை தலைமுறை போனாலும் பாதி கழிவுதான். இனம் சுத்தமாகவில்லை என்றே நினைத்தார்கள். 1900-இல் மெண்டலின் பட்டாணிக் கணக்கு மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. 1902-இல் வில்லியம் பேட்சன் என்ற ஆங்கில விஞ்ஞானி அந்தக் கணக்கு விலங்குகளுக்கும் பொருந்தும் என்று காட்ட எடுத்துக்கொண்டதே கோழியைத்தான், கொண்டை வடிவத்தை வைத்து. அவரும் அவருடன் வேலை பார்த்த பன்னெட்டும் ஆண்டலூசியனையும் எடுத்து விளக்கினார்கள். அவர்கள் சொன்னதன் சாரம்: நீங்கள் கழித்துத் தள்ளும் கறுப்பையும் ஸ்பிளாஷையும் ஒன்றோடொன்று சேருங்கள், எல்லாக் குஞ்சும் சாம்பலாக வரும்.

அதேதான் உங்களுக்கும். ஸ்பிளாஷ் சேவலோடு கறுப்புப் பெட்டை, அல்லது மாற்றி. நூற்றுக்கு நூறு ப்ளூ. ப்ளூவைக் கறுப்போடு சேர்த்தால் பாதி ப்ளூ பாதி கறுப்பு. ப்ளூவை ஸ்பிளாஷோடு சேர்த்தால் பாதி ப்ளூ பாதி ஸ்பிளாஷ். ப்ளூவை எதனோடு சேர்த்தாலும் பாதிக்கு மேல் ப்ளூ எதிர்பார்க்க முடியாது. ஒரே ஒரு எச்சரிக்கை, கறுப்புப் பெட்டையை வெளியிலிருந்து கொண்டுவராமல் அதே ப்ளூ வழியில், அதாவது வம்சத்தில், பிறந்த கறுப்பையே வையுங்கள். உங்களிடம் 6 இருக்கிறதே. வெளிக் கறுப்பில் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். லேவண்டர் என்று விற்கிறார்களே, அதுவும் சாம்பல்தான், ஆனால் ஆள் வேறு. அது ஒடுங்கு குணம், இரண்டு சீட்டும் லேவண்டராக இருந்தால்தான் வெளியே தெரியும். லேவண்டரும் லேவண்டரும் சேர்ந்தால் எல்லாமே லேவண்டர். பார்வைக்கும் வித்தியாசம் உண்டு. ப்ளூவில் இறகின் ஓரம் கொஞ்சம் கருமையாக இருக்கும், சேவலின் கழுத்தும் முதுகும் உடம்பை விட நன்றாகவே இருண்டிருக்கும். லேவண்டர் தலையிலிருந்து வால்வரை ஒரே சாம்பல், வெளுத்த பழைய சட்டை மாதிரி. கண்ணை நம்பவில்லை என்றால் ஒரு கறுப்போடு சேர்த்துப் பாருங்கள். ப்ளூ என்றால் பாதி ப்ளூ வரும், லேவண்டர் என்றால் குஞ்சு எல்லாம் கறுப்பு (அந்தக் கறுப்பு ஒவ்வொன்றும் லேவண்டரை ஒளித்து வைத்திருக்கும்). லேவண்டருக்கு ஒரு கெட்ட பழக்கமும் உண்டு, சில வம்சங்களில் வால் இறகும் இறக்கை இறகும் நார் நாராகப் பிய்ந்துபோகும். அதனால் அவ்வப்போது நல்ல கறுப்போடு சேர்த்து இறகைச் சரிசெய்துகொள்வார்கள்.

சரி, இரண்டாவது கேள்வி. இதற்குக் கொஞ்சம் அடியிலிருந்து வர வேண்டும்.

கோழி இறகில் இருப்பது இரண்டே இரண்டு மை. ஒன்று கறுப்பு, இன்னொன்று சிவப்பு. நம் ஊரில் காகம், மயில், கீரி, செவலை, கொக்குவெள்ளை என்று எத்தனையோ பெயர் வைத்திருக்கிறோம், ஊருக்கு ஊர் பொருளும் மாறும், ஒரு ஊர்க்காரர் கீரி என்பதை அடுத்த ஊர்க்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் எல்லாமே இந்த இரண்டு மையும் எங்கே விழுகிறது, எங்கே நீர்த்துப்போகிறது, எங்கே அழிக்கப்படுகிறது என்ற விளையாட்டுதான். உடம்பில் கறுப்பு எங்கே சிவப்பு எங்கே என்று பங்கு போடுவது ஒரு அடிப்படை மரபணு. அதில் ஒரு வகை உடம்பு முழுக்கக் கறுப்பை விரிக்கும், நம் காகக் கறுப்பு அதுதான். இன்னொன்று காட்டுக்கோழி வகை, சேவல் கறுப்பு மார்பும் சிவந்த கழுத்துமாக, பெட்டை மண் நிறத்தில் மார்பு மட்டும் லேசாகச் சிவந்து. மூன்றாவது கோதுமை வகை. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கோதுமை வகைச் சேவலும் காட்டுக்கோழி வகைச் சேவலும் பார்க்க அப்படியே ஒன்று, இரண்டுமே கறுப்பு மார்பு, சிவப்புக் கழுத்து, பச்சை மின்னும் கறுப்பு வால். பக்கத்தில் நிறுத்தி வைத்தாலும் சொல்வது கஷ்டம். பெட்டைதான் காட்டிக்கொடுக்கும், ஒன்று மண் நிறம், மற்றது கோதுமை நிறம். அதைவிட நம்பகமானது குஞ்சு. பொரித்த அன்று முதுகில் அணில் கோடு இருந்தால் காட்டுக்கோழி வகை. கோடே இல்லாமல் வெளிர் மஞ்சளாக இருந்தால் கோதுமை. முழுக் கறுப்பு வகைக் குஞ்சு முதுகு கறுத்து வயிறு வெள்ளையாகப் பிறக்கும், அதைப் பார்த்து "கலப்படம்" என்று கழித்தவர்கள் உண்டு, வளர்ந்தால் அதுவே சுத்தக் கறுப்பு.

ஆகையால் சேவலின் இறகைப் பார்த்து விலை பேசுவதை விட, அதன் கூடப் பிறந்த பெட்டைகளையும் அது கொடுத்த குஞ்சுகளையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் வேறு இடம் பாருங்கள்.

உங்கள் செவலைப் பெட்டைகள், நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், கோதுமை வகையாகத்தான் இருக்க வேண்டும். அவற்றுக்குப் ப்ளூ கொடுத்தால் என்ன ஆகும்? ப்ளூ கறுப்பு மையை மட்டும்தான் தொடும். சிவப்பை விட்டுவிடும். ஆகவே சேவலுக்கு மார்பும் வாலும் சாம்பலாகி, கழுத்தும் முதுகும் சிவப்பாகவே நிற்கும். அது உண்மையில் முழுச் சாம்பலை விட அழகு என்பது என் கட்சி. பெட்டையில் கறுப்பே வாலிலும் இறக்கை நுனியிலும்தான் இருக்கிறது என்பதால் அங்கே மட்டும் சாம்பல் தெரியும். "ப்ளூ வரவில்லை" என்று நல்ல பெட்டையைக் கழித்துவிடாதீர்கள், வாலை விரித்துப் பாருங்கள். லேவண்டர் அப்படியல்ல, அது இரண்டு மையையும் நீர்க்கச் செய்யும், சிவப்பு வைக்கோல் நிறமாகிவிடும்.

ஆனால் தயவுசெய்து அந்தக் கொச்சின் பேண்டத்திலிருந்து கிளிமூக்குக்கு நிறம் எடுக்காதீர்கள். நிறம் நாலைந்து மரபணு விஷயம், பிரித்து எடுத்துவிடலாம். காலில் இறகு, குட்டை உடம்பு, பஞ்சு மாதிரி இறகு, ஒற்றைக் கொண்டை, இவையெல்லாம் கூடவே வரும். உயரம், மூக்கின் வளைவு, வாலின் அமைப்பு, எலும்பின் கனம் ஆகியவற்றை எத்தனை மரபணு சேர்ந்து தீர்மானிக்கிறது என்று எண்ணி மாளாது, ஒருமுறை கெடுத்தால் திரும்ப எடுக்க உங்களுக்குப் பத்து வருஷம் போகும். அசில் வழியிலேயே சாம்பல் வாலோ சாம்பல் மார்போ உள்ள ஒரு சேவலைத் தேடுங்கள். கொஞ்சம் அழகு குறைந்தாலும் பரவாயில்லை, உடம்பு உங்கள் வழிக்கு நெருக்கமாக இருக்கட்டும்.

கிடைத்தது முழுச் சாம்பல் அல்லது ஸ்பிளாஷ் சேவல் என்றே வைத்துக்கொள்வோம். முழுச் சாம்பல் என்றால் அதன் அடியில் காகக் கறுப்பு இருக்கிறது. ஸ்பிளாஷ் சேவலை உங்கள் கோதுமைப் பெட்டையோடு விட்டால் முதல் தலைமுறைக் குஞ்சு எல்லாம் சாம்பல்தான், சேவலின் கழுத்திலும் தோளிலும் சிவப்புக் கசியும், பெட்டையின் கழுத்தில் கொஞ்சம் பொன்னிறம் தெரியும். பார்க்க ஒழுங்கில்லாமல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் உடம்பு நன்றாக உள்ளதை எடுத்து மறுபடி உங்கள் செவலை வழியோடு சேருங்கள். இப்போது பாதிக் குஞ்சுக்குக் கறுப்பு அடி போய்விடும், பாதிக் குஞ்சுக்குப் ப்ளூ வந்திருக்கும், இரண்டும் ஒன்றாக அமைவது நான்கில் ஒன்று. 16 குஞ்சு பொரித்தால் 4 எதிர்பார்க்கலாம். முதல் தலைமுறையில் உங்கள் வழியின் ரத்தம் 50 சதவீதம், அடுத்ததில் 75, பிறகு 87.5, அதற்கடுத்து 93.75. ப்ளூ ஒரு சீட்டு இருந்தாலே கண்ணுக்குத் தெரியும் என்பதால் ஒவ்வொரு முறையும் தெரிந்து பொறுக்கலாம், அதுதான் இதில் இருக்கும் பெரிய சௌகரியம். லேவண்டர் மாதிரி ஒளியும் குணமாக இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் அண்ணன் தங்கையைச் சேர்த்து வெளியே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும், காலம் இரண்டு மடங்கு.

அப்புறம் வெள்ளை. இதைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் உங்கள் கூட்டில் ஒரு வெள்ளைப் பெட்டை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். வெள்ளை என்பது ஒரு நிறமே அல்ல, மேலே போர்த்திய துப்பட்டி. அதற்குள் என்ன இருக்கிறது என்று போர்த்தியவருக்கே தெரியாது. அதிலும் இரண்டு வகை. வெள்ளை லெகார்ன் என்ற முட்டைக்கோழியில் இருப்பது ஓங்கு வெள்ளை, ஒரு சீட்டு போதும், கறுப்பை அடித்து வெளுத்துவிடும், ஆனால் சிவப்பை அவ்வளவாகத் தொடாது. அதனால் லெகார்னைக் கறுப்புச் சிவப்பு நாட்டுக்கோழியோடு சேர்த்தால் வெள்ளை உடம்பில் சிவப்புக் கசிந்து, நடுவில் இரண்டு மூன்று கறுப்புப் புள்ளி தெறித்த குஞ்சு வரும். இன்னொன்று ஒடுங்கு வெள்ளை, இரண்டு சீட்டும் வேண்டும், வந்துவிட்டால் இரண்டு மையையும் மூடிவிடும். பல தலைமுறை ஒளிந்திருந்து, ஒரு நாள் வண்ணச் சேவலுக்கும் வண்ணப் பெட்டைக்கும் சுத்த வெள்ளையாக ஒரு குஞ்சு குதிக்கும், அக்கம்பக்கத்துச் சேவல் மேல் பழி விழும். நிற வேலை செய்கிறவர் வெள்ளையைக் கலப்பில் சேர்க்காமல் இருப்பது நல்லது.

இதைவிட எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கோழியில் ஆண் பெண் கணக்கு நமக்கு நேர்மாறு. சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெட்டைக்கு ஒரு இசட்டும் ஒரு டபிள்யூவும். சில நிற மரபணுக்கள் அந்த இசட்டில் உட்கார்ந்திருக்கின்றன, வெள்ளியா பொன்னா என்று தீர்மானிப்பது ஒன்று, பட்டை பட்டையாகக் கோடு போடுவது இன்னொன்று. பெட்டைக்குஞ்சுக்குக் கிடைக்கும் ஒரே இசட் அப்பனிடமிருந்து வருவது. தாயைப் போல பிள்ளை என்கிறோம், இந்த இரண்டு குணத்தில் மட்டும் பெண்ணுக்கு முழுக்க முழுக்க அப்பன் ஜாடை. பொன்னிறச் சேவலை வெள்ளி நிறப் பெட்டையோடு சேர்த்தால் பெட்டைக்குஞ்சு எல்லாம் பொன், சேவல்குஞ்சு எல்லாம் வெள்ளி, பொரித்த அன்றே பஞ்சுமயிரின் நிறத்தைப் பார்த்துப் பிரித்துவிடலாம். பழுப்பு முட்டைக் கம்பெனிக் கோழிகளில் இதை வைத்துத்தான் சேவல்குஞ்சையும் பெட்டைக்குஞ்சையும் முதல் நாளே பிரிக்கிறார்கள். அதேபோல் கறுப்புச் சேவலும் பட்டைக் கோடு போட்ட பெட்டையும் சேர்ந்தால் தலையில் வெள்ளைப் பொட்டோடு பிறப்பதெல்லாம் சேவல், பொட்டில்லாதது பெட்டை. 1929-இல் அதே பன்னெட்டும் அவருடன் வேலை பார்த்த பீஸும் கேம்பிரிட்ஜில் இந்தப் பட்டைக் குணத்தை வைத்தே, கலப்பே தேவையில்லாமல் தன் இனத்துக்குள்ளேயே குஞ்சைப் பிரித்துப் பார்க்கும்படி கேம்பார் என்ற இனத்தை உருவாக்கினார்கள்.

நிறம் வளர்ப்பவருக்கு இதில் என்ன லாபம் என்றால், இந்த இசட் குணங்களில் பெட்டையால் எதையும் ஒளித்து வைக்க முடியாது. ஒரே சீட்டு, அது மேசை மேல் திறந்து கிடக்கிறது. வெள்ளிப் பெட்டை என்றால் வெள்ளிதான். சேவல் அப்படியல்ல, ஒரு வெள்ளி ஒரு பொன் வைத்துக்கொண்டு வெள்ளி மாதிரியே திரியும், தோளில் லேசாக மஞ்சள் தட்டும், அவ்வளவுதான். அதன் பெட்டைக்குஞ்சில் பாதி பொன்னாக வரும்போதுதான் குட்டு உடையும்.

மூன்றாவது, லேசிங். கரை வேட்டி மாதிரி ஒவ்வொரு இறகுக்கும் சுற்றிலும் கறுப்புக் கரை, நடுவில் வெள்ளியோ பொன்னோ. வயண்டாட், செப்ரைட் என்ற வெளிநாட்டு இனங்களில் பார்த்திருப்பீர்கள். இதை "ஒரு லேசிங் மரபணு" என்று நினைத்துக்கொண்டு ஒரு செப்ரைட் சேவலை வாங்கி நாட்டுக்கோழியோடு விடுகிறார்கள், முதல் தலைமுறையில் அழுக்குக் கறுப்பாக ஏதோ வருகிறது, கோபத்தில் எல்லாவற்றையும் விற்றுவிடுகிறார்கள். கரை விழ மூன்று பேர் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். பேட்டர்ன் என்று ஒரு மரபணு, இறகின் மேல் கறுப்பை வரிவரியாக அடுக்கும். மெலனாட்டிக் என்று இன்னொன்று, கறுப்பைக் கூட்டும். கொலம்பியன் என்று மூன்றாவது, உடம்பின் நடுப்பகுதியிலிருந்து கறுப்பை ஓரத்துக்கு ஒதுக்கும். மூன்றும் சரியான அடிநிறத்தின் மேல் விழுந்தால் ஒற்றைக் கரை. கொலம்பியன் இல்லாவிட்டால் இரட்டைக் கரை, ஒன்றுக்குள் ஒன்று. பேட்டர்ன் மட்டும் தனியாக என்றால் பல வரிகள். கொலம்பியன் இடத்தில் டார்க் பிரவுன் என்ற இன்னொன்று வந்தால் இறகு நுனியில் ஒரே பொட்டாக ஒதுங்கும், ஹாம்பர்க் கோழியின் பொட்டு அதுதான். ஒரே மை, ஒரே இறகு, ஆள் மாறினால் கோலம் மாறுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அடிநிறம், பேட்டர்ன், மெலனாட்டிக், கொலம்பியன், நான்கும் இரண்டு சீட்டாக அமைய வேண்டும். முதல் தலைமுறையைத் தங்களுக்குள் சேர்த்தால், நான்கும் தனித்தனியாகப் பிரிகிறது என்ற கணக்கில் 256 குஞ்சுக்கு ஒன்று. நடைமுறையில் பேட்டர்னும் மெலனாட்டிக்கும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருப்பதால் ஒட்டிக்கொண்டே வரும், ஆகவே இவ்வளவு மோசம் இல்லை. இருந்தாலும் வீட்டில் 20 குஞ்சு பொரித்து அதில் கரை தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுவதுதான்.

செப்ரைட்டில் இன்னொரு வம்பும் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சர் ஜான் செப்ரைட் உருவாக்கிய இனம் அது. அதில் சேவலுக்கும் பெட்டை மாதிரியே உருண்டை இறகு, நீண்ட கழுத்து இறகும் கிடையாது, வளைந்த வாலும் கிடையாது. அதனால்தான் சேவலுக்கும் உடம்பு முழுக்கக் கரை அவ்வளவு சுத்தமாக விழுகிறது. கோழியில் சேவல் இறகுதான் இயல்பான நிலை, பெண் ஹார்மோன் இருந்தால் பெட்டை இறகாக மாறும். சினைப்பை கெட்ட கிழட்டுப் பெட்டை சில சமயம் சேவல் மாதிரி இறகு முளைத்துக் கூவவும் செய்யும், அபசகுனம் என்று அடுத்த நாளே குழம்பாகிவிடும், பாவம். செப்ரைட் சேவலின் தோலிலேயே ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றும் வேலை நடக்கிறது, அதற்கு ஒரே ஒரு ஓங்கு மரபணு காரணம். கிளிமூக்கில் அது நுழைந்தால் வால் போச்சு. விசிறிவாலுக்குப் பரிசு கொடுக்கும் ஊரில் வாலைத் தொலைத்த சேவலை வைத்து என்ன செய்வீர்கள்? ஆகவே லேசிங் ஆசை இருந்தால் லேசிங் உள்ள இனத்தையே தனியாக வாங்கி வளருங்கள். கிளிமூக்கை விட்டுவிடுங்கள்.

இனி கைவேலை. நான் சூடுபட்ட இடங்களிலிருந்து சொல்கிறேன். ஒரு முறை சேவலை மாற்றி ஐந்தாம் நாளே முட்டை சேர்த்து அடை வைத்துவிட்டேன். பிறந்ததில் முக்கால்வாசி பழைய சேவலின் குஞ்சு. பெட்டை விந்தை உள்ளே சேமித்து வைத்திருக்கும், இரண்டு மூன்று வாரம் வரை அதிலிருந்தே கரு கூடும். சேவலை எடுத்த பிறகு குறைந்தது மூன்று வாரம் முட்டையைக் குழம்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு அடை வையுங்கள். முட்டை மேல் பென்சிலால் பெட்டையின் பெயரைக் குறியுங்கள். குஞ்சு பொரித்த அன்றே போட்டோ எடுங்கள், காலில் கலர் வளையம் மாட்டுங்கள், கால் தடிக்கத் தடிக்க மாற்றுங்கள், இல்லாவிட்டால் வளையம் சதையில் இறங்கிவிடும். இரண்டு மாதத்தில் நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். குஞ்சு இறகு வேறு, நடுவயது இறகு வேறு. ஐந்து ஆறு மாதத்தில் முழு இறகு இறங்கிய பிறகுதான் கோலம் தெரியும், லேசிங் உள்ளவை இளமையில் பார்க்கச் சகிக்காது. பொரித்த அன்று பஞ்சுமயிர், ஆறாம் மாதம் முழு இறகு, இந்த இரண்டு நாள் மட்டும் உண்மை பேசும்.

எத்தனை குஞ்சு வேண்டும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். நான்கில் ஒன்று வரவேண்டியதை 95 சதவீதம் உறுதியாக ஒன்றாவது பார்க்க 11 குஞ்சு வேண்டும். எட்டில் ஒன்று என்றால் 23. பதினாறில் ஒன்று என்றால் 47. ஒரு அடைக்கோழியை வைத்து எட்டில் ஒன்றைத் தேடுகிறவர் இன்குபேட்டர் வாங்கிவிடுவதே மேல்.

தீனியும் நிறத்தைக் கெடுக்கும். கம்பும் அரிசிக் குருணையும் மட்டும் போட்டு வளர்த்த கறுப்புக் குஞ்சின் இறக்கையில் வெள்ளை இறகு முளைத்தால் உடனே "வெள்ளை ரத்தம்" என்று முடிவு கட்டாதீர்கள், லைசின் என்ற புரதக்கூறு போதாவிட்டாலும் கறுப்பு மை இறங்காது. கரையான், கருவாட்டுத் தூள், சோயாப் பிண்ணாக்கு என்று கொடுத்து வளர்த்துவிட்டு, அடுத்த இறகு மாற்றத்தில் பாருங்கள். வெள்ளி நிறச் சேவலுக்கு மஞ்சள் மக்காச்சோளமும் உச்சி வெயிலும் ஆகாது, பித்தளை மாதிரி மஞ்சள் ஏறிவிடும். சிவப்பும் சாம்பலும் கூட வெயிலில் வெளுக்கும். போட்டிக்குக் கொண்டுபோகிறவர்கள் நிழலில் கட்டி வைப்பதற்கு ஒரு காரணம் இதுதான்.

கடைசியாக ஒன்று, இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அந்த 3 அழுக்கு வெள்ளைக் குஞ்சுகள் இன்னும் உங்களிடம்தானே இருக்கின்றன? அதில் ஒன்று சேவலாக இருந்தால் அதைக் கொடுத்துவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து, உங்கள் 6 கறுப்பில் பெட்டையாக வளர்ந்தவற்றில் காலும் உடம்பும் நன்றாக இருக்கும் இரண்டைப் பொறுக்கி, அதனோடு விடுங்கள். அந்த அடையில் கறுப்பும் இருக்காது, வெள்ளையும் இருக்காது. ஒரு முழுக் கறுப்புக் குஞ்சாவது வந்தால் எனக்கு எழுதுங்கள், அப்போது வேலியைத் தாண்டி எந்தச் சேவல் வந்தது என்று விசாரிப்போம்.